மணலில் எழுதிய நாணல்

"இன்னும் நாலு விரக்கடை மேல தூக்குடா, சுங்-யுவான். இடது பக்கம் சரியுது பாரு."

லூ வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊன்றுகோலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். ஏணி மேல் நின்ற மகன், அம்மா யூ-லானின் படத்துக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு திணறினான். துணியில் கறுப்பு மையில் நான்கு பெரிய எழுத்துகள். வாத்தியார் தம் கைப்பட எழுதி, தைச்சுங்கிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

பந்தல் வாசல் மேசையில் மகள் பெய்-ஜூ கைத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிற விருந்தாளிகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். வீட்டு மனிதர்களுக்கு மட்டும் அது கிடையாது. அவள் அடுக்கிய வேகத்தில் மேசை கிடுகிடுத்தது.

பின்னே ஆத்திரம் வராதா? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த சங்கீத டீச்சரோடு போனவர் அப்பா. சியாயிச் சந்தையில் அம்மா அரிசிப் பிட்டு அவித்து விற்று, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியபோது எட்டிப் பார்க்காதவர். இப்போது குடும்ப வரிசையில் முதல் நாற்காலி அவருக்கு. எல்லாம் அண்ணன் செய்த ஏற்பாடு.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"படிச்ச பொண்ணுதானே நீ? தெரியலையா?" வாத்தியார் குரலில் வகுப்பறை ஏறிக்கொண்டது. "பழைய காலத்துல ஒரு மனைவி. தினமும் புருஷனுக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தன் புருவம் வரைக்கும் உயர்த்தித்தான் கொடுப்பா. அவ்வளவு மரியாதை. நல்ல தம்பதின்னா அதைத்தான் சொல்லுவாங்க."

"நீங்க போனதுக்கப்புறம் அந்தத் தட்டை யாருக்குத் தூக்கினாங்க?"

"பெய்-ஜூ!" ஏணியிலிருந்து அண்ணன் அதட்டினான். "சாவு வீட்ல என்ன பேச்சு? அப்பாவோட பள்ளிக்கூடத்து ஆளுங்கல்லாம் இப்போ வந்துடுவாங்க. ஊர் என்ன நினைக்கும்?"

ஊர். அந்த ஊர் முன்னால்தான் வாத்தியார் அம்மாவை ஒருநாள் கேலி செய்தார். பெய்-ஜூவுக்கு அப்போது எட்டு வயது. விருந்துக்கு வந்த வாத்தியார்கள் ஆளுக்கொரு பழங்கதையைத் தொட்டுத் தொட்டுப் பேச, தேநீர் கொண்டுவந்த அம்மா புரியாமல் விழித்தாள். "விடுங்கப்பா, மாட்டு முன்னாடி யாழ் வாசிச்ச கதைதான்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அம்மாவும் சிரித்தாள்.

அவர் போய்ப் பல வருஷம் கழித்து, தொலைக்காட்சி வினாடி வினாவில் ஒருவன் அந்தக் கதையை விளக்கினான். யாழ்க்காரன் என்ன வாசித்தாலும் மாடு அதுபாட்டுக்குப் புல் மேய்ந்ததாம். அம்மா வெங்காயத்தாள் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ, நான்தான் அந்த மாடா?" என்றாள். மறுநாளிலிருந்து அந்த நிகழ்ச்சியை ஒன்றுவிடாமல் பார்த்து, அதில் வரும் பழங்கதைகளை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பொழுது போகாமல் செய்கிறாள் என்றுதான் பெய்-ஜூ நினைத்திருந்தாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. சாவுச் சாமான் கடை சியூ அக்கா, ஒரு துணிச் சுருளோடு வியர்த்து விறுவிறுத்து இறங்கினாள்.

"இதை நடுவுல மாட்டணும். அம்மா போன வசந்தத்துல கடைக்கு வந்து, அவங்களே சொல்லி எழுதி வாங்கி வச்சது. 'என் படத்துக்கு மேல இதுதான் தொங்கணும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"ஆனா, ஏற்கெனவே ஒண்ணு மாட்டியாச்சே..." என்று இழுத்தான் அண்ணன்.

"இறக்குண்ணே," என்றாள் பெய்-ஜூ.

"ஊர்ல..."

"இறக்கு. இல்ல, ஏணியோட சேர்த்து உன்னை இறக்குவேன்."

அவள் ஏணியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு அவன் இறக்கினான். அம்மாவின் துணி ஏறியது. அதிலும் நான்கே எழுத்துகள்தான். வாத்தியார் தலையைத் தூக்கிப் படித்தார். காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஊன்றுகோல் நின்றது.

"இது என்ன கதை? சொல்லுங்க," என்று அவரைக் கேட்டாள் பெய்-ஜூ.

கேட்காமலே விளக்கம் சொல்கிற மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சியூ அக்காதான் சொன்னாள்.

"ஒரு அம்மாவுக்குக் காகிதம் வாங்கக்கூட வழி இல்லையாம். நாணல் குச்சியால மணல்ல எழுதியே பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தாளாம்."

"நல்லாத்தானே இருக்கு! அம்மாவுக்குப் பொருத்தம்," என்றான் அண்ணன்.

"பொருத்தமா? நான் வேண்டாம்னேன் தம்பி. 'அக்கா, அந்தக் கதையில புருஷன் செத்துப் போயிட்டான். விதவையா நின்னு பிள்ளை வளர்த்தவங்களுக்குத்தான் இதைப் போடுவாங்க, வேற எடுங்க'ன்னு எவ்வளவோ சொன்னேன். 'தெரியும், எழுது'ன்னுட்டாங்க." அவள் முதல் நாற்காலியைப் பார்த்தாள். "பெரியவர் யாரு? தாய்மாமாவா?"

அண்ணன் ஏணியை மடக்கத் தெரியாதவன் போல மடக்கிக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்கள் மூவர் உள்ளே வந்தார்கள். ஊதுபத்தி ஏந்தி மூன்று முறை குனிந்து நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் துணியைப் படித்தார்கள். விளக்கம் தேவைப்படாத ஆட்கள். மூத்தவர் லூ வாத்தியாரைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். மனைவியை இழந்தவரிடம் சொல்ல அவர் யோசித்து வைத்திருந்த வார்த்தைக்கு இங்கே இடமில்லை. பிள்ளைகள் இருவருக்கும் மட்டும் தலை வணங்கிவிட்டு மூவரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக்கிக்கொண்டார்.

லூ வாத்தியார் எழுந்தார். தம் துணியை அவரே சுருட்டினார். அது கோணலாகச் சுருண்டது. அண்ணன் உதவப் போனான். வேண்டாம் என்று தலையசைத்து, சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

பெய்-ஜூ அடுக்கின் மேலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுப்பதுபோலவே இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வந்ததுக்கு நன்றி," என்றாள்.

அவர் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டார்.