ஆட்சி கலைந்த மறுநாள்

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் தமிழ்நாட்டு அரசாங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். எழுபத்தாறு, ஜனவரி முப்பத்தொன்று. நான் கை நிறைய மருதாணியோடு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் செய்தி வாசித்தவர் மழை நிலவரம் சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

விடிவதற்குள் எங்கள் கல்யாணத்துக்குத் தலைமை தாங்க வேண்டிய எம்.எல்.ஏ.வைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் அவர் எம்.எல்.ஏ.வாகவும் இல்லை. சட்டசபையையும் சேர்த்தே கலைத்திருந்தார்கள்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் பந்தல், சின்ன மேடை, மைக் செட். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது; சீர்திருத்தக் கல்யாணம். நான்தான் பிடிவாதம் பிடித்து அப்படி வைத்தேன். நான் பெரிய கொள்கைக்காரி என்று எல்லாரும் நினைத்தார்கள். கொள்கையுமில்லை, கத்தரிக்காயுமில்லை. உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா எந்தக் கல்யாண வீட்டிலும் அடுப்படியைத் தாண்டியதில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில்கூடக் கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு தேங்காய் துருவினாள். என் கழுத்தில் தாலி ஏறும்போது அம்மா என் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கு ஏட்டு ஜெயசிங் சைக்கிளில் வந்து இறங்கினார். மேடையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், தலைவருக்காகப் போட்டு வைத்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது கல்யாணமா, கூட்டமா?” என்று என் தாய்மாமா செந்தூர்பாண்டியிடம் கேட்டார்.

“கல்யாணந்தான் ஏட்டையா.”

“ஐயர் இல்ல, அக்கினி இல்ல. மேடை இருக்கு, மைக் இருக்கு. இன்னைக்கு எங்கனயும் கூட்டம் போடப்பிடாதுன்னு உத்தரவு. நான் என்னன்னு எழுத?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கட்சிக் கல்யாணங்களில் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசுவார். தாலி ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மாமா பயந்துபோனார். “ஏளா செண்பகம், கோயில் ஐயரைக் கூட்டியார ஆள் அனுப்புதேன். இந்த மாதிரிக் கல்யாணம் செல்லும்னு சட்டம் போட்டதே அவுகதான். இப்ப ஆட்சியே போயிட்டு. நாளைக்கு உன் தாலி செல்லுமா?”

மாமா சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. முதலாளி போனால் கடையைப் பூட்டுகிற ஊர் இது. எனக்கு வேறென்ன தெரியும்?

அப்போதுதான் மாப்பிள்ளை தளவாய் வாயைத் திறந்தார். துறைமுகத்தில் கிளார்க். பெண் பார்க்க வந்தபோது மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்.

“ஆளுதான் மாமா போயிருக்காக, சட்டம் போகல. ஒரு ஆட்சிய டெல்லியில இருந்து வீட்டுக்கு அனுப்புததுக்கு அரசியல் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. அத வச்சு அனுப்பிட்டாக. அது நியாயமா அநியாயமான்னு இப்ப நான் பேசினா ஏட்டையா எழுதிருவாரு. ஆனா சட்டசபை போட்ட சட்டம் அதோட சேந்து கலையாது. இன்னொரு சட்டம் போட்டு எடுத்தாத்தான் உண்டு.”

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“சரி மாப்பிள்ளை, தலைமைக்கு?” என்றார் மாமா.

“தலைமை வேணும்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. நாலு சொந்தக்காரங்க முன்னால கட்டினாப் போதும்.”

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. “எதுக்கு வம்பு? ஐயரே வரட்டும்” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மாவைக் காணோம். ஐயர் என்றதுமே, யாரும் சொல்லாமல், அவளாகவே உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம் டெல்லிமேலா, மாமாமேலா, அம்மாமேலா, தெரியவில்லை. மாலையும் கழுத்துமாக அடுப்படிக்குப் போனேன். அம்மா சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“வெளிய வா.”

“நல்லபடியா நடக்கட்டும் தாயி. நான் இங்கன இருந்தே கேட்டுக்கிடுதேன்.”

“கேக்க வேண்டாம். பாக்கணும்.”

அம்மா கரண்டியை வைத்தாள். “நான் முன்னால நின்னு, நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா? ஊரு சொல்லுதது கெடக்கட்டும். எனக்கே அப்படித் தோணிரும்லா.”

ஊர்தான் அவளை ஒதுக்கி வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். எனக்காக அவளே தன்னை ஒதுக்கி வைத்திருந்தாள்.

“அப்பா காய்ச்சல்ல போனாக. நீயா காரணம்? நீ வராம நான் தாலி கட்டிக்கிட மாட்டேன்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். ஏட்டு நோட்டை விரித்திருந்தார்.

“கல்யாணம்னே எழுதுதேன். மைக் மட்டும் வேண்டாம். தலைமைன்னு யார் பேரையாவது சொல்லுங்க.”

“எங்க அம்மா,” என்றேன். “பேச்சித்தாய்.”

ஏட்டு அம்மாவின் வெறும் நெற்றியை ஒரு தடவை பார்த்தார். குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

தளவாய் தாலி இருந்த தாம்பாளத்தை அம்மாவிடம் நீட்டினார். “எடுத்துக் குடுங்க அத்தை.”

அம்மா வெகுநேரம் தொடவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மூன்று முடிச்சும் விழும்வரை அவளுடைய இடது கை என் முதுகில் இருந்தது.

தாலிக்கயிற்றின் ஈர மஞ்சள் அவளுடைய வலது கை விரல்களில் ஒட்டியிருந்தது. பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் சாப்பிட உட்காரவில்லை. பசிக்கவில்லை என்றாள். சாப்பிட்டால் கை கழுவ வேண்டியிருக்கும்.