அழித்த புள்ளி

ரிப்காவுக்கு ஆறு வருச அனுபவம். அந்த அனுபவம் அவளுக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேராதனையில் ஒரு சின்ன ஆய்வகம். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களில் கமராக் கோளாறால் விழும் பொய்ப்புள்ளிகளைத் துடைப்பது அவள் வேலை. அவள் அழித்தால் அழித்ததுதான், யாரும் ஏனென்று கேட்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரு சுருள் விண்மீன் கூட்டம். ஒன்பது கோடி ஒளியாண்டு தொலைவு. வினாடிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் நம்மை விட்டு விலகிக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் மையம், அதைச் சுற்றி நீலமாய் இரண்டு கைகள். பக்கத்துக் கதிரையில் இருந்த எஸ்ரன் திரையில் அதில் ஒரு கையின் நுனியைத் தொட்டுக் காட்டினான். கம்பளைக்காரன். அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. எதையாவது கண்டுபிடித்துக் காட்டினால் நீடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, இந்தப் புள்ளி போன மாசப் படத்துல இல்ல. இன்னைக்கு வந்த மூணுலயும் இருக்கு. நட்சத்திரம் ஏதும் வெடிச்சிருக்குமோ?"

மணி நாலு பத்து. நாலரைக்கு அவள் வீட்டுக்குப் போகும் கலஹா பஸ்.

"கமராக் கோளாறு எஸ்ரன். எத்தன பாத்திருக்கேன்!"

"இல்லக்கா, படத்துக்குப் படம் கூட்டம் கொஞ்சம் எடம் மாறியிருக்கு, புள்ளியும் கூடவே நகருது. கமராக் கோளாறுன்னா படத்துல ஒரே எடத்துலதானே நிக்கணும்?"

"புதுசா வர்றவங்களுக்குத் தூசியெல்லாம் நட்சத்திரமாத்தான் தெரியும்."

அறையே சிரித்தது. எஸ்ரனும் சிரித்து வைத்தான். அவன் சொன்னதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ரிப்கா புள்ளியை அழித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கலஹா வரைக்கும் நன்றாகத் தூங்கினாள்.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, வேறொரு நாட்டுக்காரர்கள் அறிவித்தார்கள்: அதே கூட்டம், அதே கையின் நுனி, வெடித்த நட்சத்திரம். ரிப்கா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்து எஸ்ரனின் கதிரை அதற்குள் காலியாகியிருந்தது. அவள் அவன்மேல் பொறாமைப்பட்டவள் அல்ல. திமிரும் அவசரமும்தான். அதனால் செய்த அநியாயம் குறைந்துவிடுமா என்ன?

அன்றைக்கே அவனுக்குப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். உண்மையில் பயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் கம்பளைக்குப் போனாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடையில் இருந்தான் எஸ்ரன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

"நீ சரியாத்தான் பாத்த எஸ்ரன். நான்தான் கெடுத்துட்டேன். நாளைக்கே ஆய்வகப் பெரியவர்கிட்ட என் வாயாலயே சொல்றேன்."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு கேட்டான்:

"ஒங்களுக்கு எப்ப தெரியும்க்கா?"

"திங்கக்கெழமை."

அவன் கையிலிருந்த போனை மெதுவாக மேசையில் வைத்தான்.

"கொழும்புல இதே மாதிரி வேல ஒண்ணுக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. தூசிக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குப் போகணும்னு போகல." மேசையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டான். "முந்தாநேத்து, வெள்ளிக்கெழமதான்க்கா இன்டர்வியூ."