இல்லாத காலின் பெருவிரல் நகம்

"இல்லாத காலுக்கு நகம் வெட்டிக்கிட்ட ஒரே ஆள் இந்த உலகத்துல நான்தான். வெட்டின நகம் ஜன்னல் வழியாப் பறந்துபோய், எதிர்வீட்டுக் கொடியில காய்ஞ்ச சட்டைக்குப் பொத்தானாயிடுச்சு" என்பார் டிரைவர். கேட்பவர்கள் வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே நிறுத்துவார்கள்.

"சாட்சி கேளுங்க, மச்சானை" என்று கையைக் காட்டுவார். மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, சலூன் வைத்திருப்பவன். ஊர் அவனைக் கத்திரி என்றுதான் கூப்பிடும். அவன் வெட்டும் விதம் அப்படி: தலையில் ஒரு வெட்டு, காற்றில் நாலு வெட்டு. ஆள் இல்லாத நேரத்திலும் கத்திரிக்கோல் சும்மா இருக்காது. சாட்சிக்குக் கூப்பிட்டால் மட்டும் சீப்பை உதறிவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்கு, புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போனதே தவிர, வீட்டைக் காலி செய்தும் சாவியைக் கொடுக்காத குடித்தனக்காரனைப் போல இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மதியத்தில் படுத்திருந்தால் மின்விசிறிக் காற்று அந்த விரல்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறும். அவர் கண் அயர்ந்தால் கால் மட்டும் எழுந்து, கிளட்ச்சை மிதித்து, மேகத்துக்கு நடுவே ஒரு காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகும். அதெல்லாம் சுகம்தான்.

சுகமில்லாதது பெருவிரல் நகம். காலை எடுப்பதற்கு முன்பே அது சதைக்குள் வளைந்து குத்திக்கொண்டிருந்தது. கால் போன பிறகும் அந்தக் குத்தல் போகவில்லை. நகம் வளர்ந்துகொண்டே போய்ச் சுவரைத் துளைத்து அடுத்த வீட்டு அலமாரியைத் திறந்துவிட்டது என்பார் டிரைவர். சிரிப்பு முடிவதற்குள் முகம் சுருங்கிப் பல்லைக் கடிப்பார். அளவெடுத்துச் செய்து வந்த செயற்கைக் கால் புதுசாகவே கதவுக்குப் பின்னால் நின்றது. அதை மாட்டி எழுந்தால் போதும், நகம் உயிர் போகக் குத்தும். இனி நடையே இல்லையோ என்ற பயம் அவருக்கு. அவர் மனைவி அந்தக் காலில் குடையை மாட்டி வைக்கத் தொடங்கியிருந்தாள்.

"கால் போனாலும் மூளையில அதோட இடம் அப்படியே இருக்கு. அந்த வலி நிஜம்தான்" என்றார் டாக்டர். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். அதை இடது கால் என்று மூளை நம்பினால் வலி விடுமாம்.

"கண்ணாடியா? நம்ம தம்பி கடையில சுவர் பூரா அதான்" என்று மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

கூட்டமில்லாத மதியம். கடைக்குள் பவுடர் வாசனையும் வெயிலும் கலந்து மிதந்தன. கத்திரி நீளக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "மாமா, இல்லாத இடத்துல எப்படி வலி வரும்? அக்கா நாலு வேளையும் உங்களைத் தாங்கணும், அதுக்கு ஒரு சாக்கு."

"நடிக்கிறேங்கறியா?"

"கதை விடறீங்கன்னு சொல்றேன். புதுசா என்ன?"

தன் புளுகை யார் நம்பாவிட்டாலும் டிரைவருக்குக் கவலையில்லை. இந்த ஒன்று புளுகல்ல. இதை நம்பாததுதான் நகத்தைவிட ஆழமாகக் குத்தியது.

கண்ணாடியை நடுவில் நிறுத்தினார்கள். டிரைவர் குனிந்து பார்த்தார். இடது கால் அங்கே இருந்தது, வெளியூர் போய்த் திரும்பிய ஆள் மாதிரி கொஞ்சம் வெட்கத்துடன். அவர் வலது விரல்களை அசைத்தார். இடது விரல்கள் அசைந்து வணக்கம் சொல்லின. கடையே தண்ணீருக்குள் இறங்கியதுபோல் அமைதியாயிற்று.

"நகம் வளர்ந்து கெடக்குடா மாப்ளே. வெட்டி விடு."

"வலது காலுக்குத்தானே? சரி" என்று கத்திரி சின்னக் கத்திரிக்கோலுடன் தரையில் உட்கார்ந்தான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்யும்போது கண் கண்ணாடியில்தான் இருக்கும். கண்ணாடியில் இருப்பதுதான் நிஜத் தலை, நாற்காலியில் இருப்பது நகல் என்று நினைத்து வெட்டுகிறான் என டிரைவர் கேலி செய்வார். அன்றும் அவன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் ஒரு பெருவிரல், வளைந்த நகம். கண் போன இடத்துக்குக் கை போயிற்று. கண்ணாடியைச் சுற்றி வளைத்துக்கொண்டு மறுபக்கம் போய், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் வாயைத் திறந்து மூடியது கத்திரிக்கோல்.

டக்.

"தம்பி, எங்கடா வெட்டுறே?" என்றாள் அக்கா.

கத்திரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். டிரைவரின் தோள்கள் மெல்ல இறங்கின. எத்தனையோ மாதமாக மடங்கிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "விட்டுடுச்சு" என்றார். சொன்னவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கனவில் பஸ்ஸைக் கடல்மேல் ஓட்டினார். ஒவ்வொரு கியரும் வெண்ணெயில் இறங்குவதுபோல் விழுந்தது. பயணிகளாக ஏறிய மீன்கள் சில்லறைக்குச் சண்டை போட்டன. விழித்ததும், "வீட்ல குடைக்கு வேற இடம் பாரு" என்றார் மனைவியிடம். அன்று சாயங்காலமே புதுக் காலை மாட்டிக்கொண்டு, மச்சான் தோளைப் பிடித்தபடி தெருவுக்கு வந்தார்.

அன்றிலிருந்து பொத்தான் கதைதான். நேற்றும் சலூனில் அதையே சொன்னார். முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் கொல்லென்று சிரித்தார்.

"கண்ணாடி பார்த்ததுல சரியாயிருக்கும், ஒத்துக்கறேன். நகமாவது ஒண்ணாவது? உங்க மச்சான் காத்தை வெட்டியிருக்கார்."

டிரைவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். "அவனையே கேளுங்க."

கத்திரி இந்த முறை சீப்பை உதறவில்லை. காற்றில் ஓடிக்கொண்டிருந்த கத்திரிக்கோல் நின்றது.

"பொத்தான் பொய். எதிர்வீட்ல கொடியே கிடையாது" என்றான். பிறகு கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தான். "ஆனா காத்தை வெட்டினா கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாள் பூரா அதைத்தானே வெட்டிட்டிருக்கேன். அன்னிக்குக் கையில தட்டுப்பட்டது காத்து இல்ல."