வெள்ளிக்கிழமை ஜெபப் பட்டியல்

கடவுள் இல்லை என்பது ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இறுதியாக முடிவானது. முடிவு செய்தவர், மூன்று மாதமாக வேலையில்லாத லிஃப்ட் மெக்கானிக். அதை முறைப்படி அறிவிக்க, இஸ்திரி போட்ட சட்டையோடு ஆலய அலுவலகத்துக்குப் போனார்.

"ஜெபப் பட்டியல்ல என் பேரை அடிச்சிடுங்க தம்பி. பன்னெண்டு வெள்ளிக்கிழமை சபையே எனக்காகக் கேட்டும் ஒரு வேலை வரல. மேல யாரும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. எழுத்தர் விண்ணப்ப நோட்டைப் புரட்டினார். பெயரே இல்லை. அடுத்த நோட்டைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க பேரை நன்றி சொல்ற பட்டியல்ல எழுதிட்டேன்."

"என் வேலை போனதுக்கா மூணு மாசமா நன்றி சொன்னீங்க?"

"மனசார சொன்னோம்ணே."

திட்ட வாயெடுத்த மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு லேசானது. அப்படியென்றால் கடவுள் மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

"சரி, விண்ணப்ப நோட்டுக்கு மாத்துங்க" என்றவர், முழங்கால் வலியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த மூன்று மாதத்தில் அவர் ஒருமுறைகூட முழங்காலிட்டதில்லை.