இரவல் ஷூ

அறுபத்திரண்டில் நாகல் நகர் கூடைப்பந்து அணி ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றது. கடைசி ஆட்டமும் போனால் மறுவருஷம் டோர்னமெண்டில் எங்களுக்கு இடமில்லை. எங்கள் கேப்டன் நல்லுசாமிக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் அப்பாஸ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். நாங்களும் ஆமாம் சாமி போட்டோம். யாரையாவது திட்ட வேண்டாமா?

அப்பாஸ் எதிராளியை மறிக்கும் ‘கார்டு’ இடத்தில் ஆடுபவன். எங்களில் இளையவன், தோல் மண்டியில் வேலை. சாயங்காலம் வெறுங்காலோடு பழகும்போது பூனை மாதிரி பாய்வான். மாட்ச் என்றால் மட்டும் மரம். குதிக்க மாட்டான், ஓடி மறிக்க மாட்டான். கைக்கு வந்த பந்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டு நிற்பான். பயந்தாங்கொள்ளி என்றோம்.

மாட்சில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. அவனிடம் ஷூ இல்லை. நல்லுசாமிதான் தன் தம்பிக்கு வாங்கிய புது கான்வாஸ் ஷூவை இரவல் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம், "கிழிச்ச, தொலைச்சுப்புடுவேன்" என்பார். அவர் எதற்குத்தான் அப்படிச் சொல்ல மாட்டார்? நாங்கள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கடைசி ஆட்டத்தின் பாதியில் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். சோடாக்கடைப் பக்கம் அத்தனை பேர் முன்னாலும் நல்லுசாமி அவன் பனியனைப் பிடித்தார்.

"ஏலே, ஆட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? உனக்குப் பதிலா ஒரு கல்லுத்தூணை நட்டிருக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அப்பாஸ் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோற்றோம். விசில் ஊதியதும் அப்பாஸ் குழாயடிக்குப் போனான். ஈரத்துணியால் ஷூவைத் துடைத்து, லேஸ் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நல்லுசாமியிடம் நீட்டினான்.

"பாத்துக்கிருங்கண்ணே. எங்கயும் கிழியல."

நல்லுசாமி திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம்கூடத் தேயவில்லை. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுக்காகவாடா..." என்றவர் ஷூவை அவனிடமே திருப்பி நீட்டினார். "நீயே வச்சுக்க அப்பு."

"வேணாம்ணே, தம்பி போடட்டும்" என்றான் அப்பாஸ். "மறுவருஷம்தான் நமக்கு ஆட்டம் இல்லையே."

வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி நடந்தான். அவனைக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் முகமில்லை.