ரெண்டு மகாபலிபுரம்

...சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது, "ரெண்டு மகாபலிபுரம்" என்று, கண்டக்டரும் மறுபேச்சு இல்லாமல் கிழித்துக் கொடுத்துவிட்டார், கிழிக்கிற அந்த நேரத்துக்குள் யாராவது எழுந்து நின்று அந்தம்மா தப்பா சொல்லுது, அவங்க இறங்க வேண்டியது திருக்கழுக்குன்றம் என்று கத்துவார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் கத்தவில்லை, பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, செங்கல்பட்டைத் தாண்டியாயிற்று, இரண்டு பக்கமும் வயல், கையில் இரண்டு சீட்டு. இத்தனை சுலபமா? பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம் என்று பஸ்ஸில் இடம் பிரித்து வைத்தவன் மகராசனாக இருக்கட்டும், கண்டக்டர் முதலில் என்னிடம் வந்தார், அவ்வளவுதான் விஷயம். பின்பக்கம் வந்திருந்தால் என் வீட்டுக்காரர் பூவராகவன், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, ரெண்டு கழுக்குன்றம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பழம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? கடலுக்கா பழம் வாங்கிக்கொண்டு போவார்கள்? திருக்கழுக்குன்றத்தில் இருக்கிற அவர் அக்காவுக்கு, எனக்கு அண்ணி. நேற்று ராத்திரி ரூம் சொல்லியிருக்கிறேன் என்று நான் சொன்னபோது "பாக்கலாம், பாக்கலாம்" என்றார், எங்கள் வீட்டில் ஒரு தடவை பாக்கலாம் என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம், இரண்டு தடவை என்றால் முடியாது என்று அர்த்தம், காலையில் பழக்கடையில் போய் நின்றதும் மிச்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது... சொல்ல முடியாதா? சொல்லலாம், கொஞ்சம் சொல்லலாம். கூடப் பிறந்த அக்கா இருக்கிற ஊரைத் தாண்டிப் போய் லாட்ஜில் படுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை, கல்யாணச் சாப்பாட்டில் இலை போட்ட பிறகு எழுந்து போகிற மாதிரி, நான்கு பேர் நான்கு வருஷம் பேசுவார்கள். மகாபலிபுரம் போக வேண்டுமென்றால் திருக்கழுக்குன்றத்தில் இறங்கியாக வேண்டும், அண்ணி வீட்டில் பையை வைத்தாக வேண்டும், வைத்த கையை எடுப்பதற்குள் அண்ணி அரிவாள்மணையை என் பக்கம் தள்ளியாக வேண்டும். அந்த வீட்டில் எந்த நாள் கூட்டம் இல்லை? மலை மேல் கழுகு பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் சத்திரம். கழுகுக்கு ஒரு கவளம் போதும், கழுகைப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கி வருகிறவர்களுக்குக் குண்டான் சோறு வேண்டும். அண்ணி வடிப்பாள், நான் நறுக்குவேன், அண்ணி தாளிப்பாள், நான் பரிமாறுவேன், எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ் பிடித்துக் கடலுக்குப் போனால் கால் நனைப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும் போய்விடும் என்று அவர் விரட்டுவார். கல்யாணம் ஆன நாளாகக் கோடை லீவுக்குக் கோடை லீவு கடலைப் பார்க்கப் போய்க் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். இந்தத் தடவை பிள்ளைகள் காஞ்சிபுரத்தில் என் அம்மா வீட்டில் இருக்கிறார்கள், லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, இப்போது இல்லையென்றால் எப்போது?

ரூமும் சும்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ரூம் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம்பர் ப்ளீஸ் நம்பர் ப்ளீஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு, கடற்கரை காட்டேஜைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அதைக் கட்டின மேஸ்திரிக்குத் தெரியுமா? பேச்சை ஒட்டுக் கேட்கக் கூடாதுதான், ஆனால் லைன் சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டுமே, பார்க்கிற நேரத்தில் காதில் விழுந்தால் காதை எங்கே கொண்டு போய் வைப்பது? மெட்ராஸிலிருந்து பேசுகிறவர்கள், பெங்களூரிலிருந்து பேசுகிறவர்கள், தமிழும் இங்கிலீஷுமாகப் பேசுகிற பம்பாய்க்காரி ஒருத்தி, எல்லாரும் எடுத்த எடுப்பில் கேட்பது ஏழாம் நம்பர் கிடைக்குமா என்றுதான். மூன்றாம் நம்பருக்குச் சமையலறைப் புகை வருமாம், பதினொன்று சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறதாம், கொசுவாம், ஏழாம் நம்பரில் கதவைத் திறந்தால் கடலாம். ஊரெல்லாம் எங்கே தங்குவது என்று தேர்ந்தெடுத்ததற்கு நடுவில் நான் கம்பியைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கென்று ஒரு இடத்தை ஒரு நாளும் தேர்ந்தெடுத்தது இல்லை. போன வாரம் பக்கத்து சீட்டு ஜெசிந்தாவிடம், காட்டேஜுக்கு ஒரு கால் போடுடீ என்றேன். "யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான்" என்றேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, ஏழாம் நம்பர் வேண்டும் என்று சொன்னபோது என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது, அழுகையா என்று பார்த்தேன், இல்லை, சிரிப்பு.

மலை தெரிகிறது, அதோ, வேதகிரீஸ்வரா, நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைத் திரும்பி வருகிற வழியில் வந்து பார்க்கிறேன்... சிரித்ததெல்லாம் இந்த ஊர் எல்லை வரைக்கும்தானா? பஸ் நிற்கும், அவர் எழுந்திருப்பார், முன்னால் வந்து இறங்கு வச்சலா என்பார், பத்துப் பேர் பார்க்கும்போது நான் மாட்டேன் என்று சொல்வேனா? இதுவரை சொன்னதில்லை. பின்னால் சத்தம் கேட்கிறது, செருப்பைத் தேடுகிறார், அந்த இருமல் அவருடையதுதான், வழி வுடுப்பா என்கிற குரலும் அவருடையதுதான், நான் திரும்பவில்லை, திரும்பினால் தோற்றேன், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற முருகனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ் நின்றது. "எங்க சார் எறங்குற?" கண்டக்டர் குரல். "கழுக்குன்றம்தான?" "உனுக்கு மகாபலிபுரம் எடுத்துக்கீது சார், முன்னாடி அம்மா எடுத்துட்டாங்க. குந்து சார், இன்னும் தூரம் கீது, வழிய மறிச்சிகினு நிக்காத." யாரோ சிரித்தார்கள். குந்து சார்! நான் இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்து வாய் வராததைக் காக்கிச் சட்டை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது, சீட் பலகை முனகுகிற சத்தம் கேட்டது, உட்கார்ந்துவிட்டார், என் புருஷன் உட்கார்ந்துவிட்டார், எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் ஜன்னல் கம்பியில் ஒரு கை. கண்ணாடி வளையல், மஞ்சள் கறை படிந்த விரல், அந்த விரலை எங்கே பார்த்தாலும் தெரியும். ஜெகதாம்பாள் அண்ணி. தோளில் தொங்குகிற பை நிறையக் காய், கீரை வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில்தானே காய்க்கடை, எப்படி மறந்தேன்? "வச்சலா! இன்னா குந்திகினே கீற, எறங்கு எறங்கு, பஸ்ஸு கெளம்பிடப் போவுது. நல்ல நேரத்துல வந்த, வேலூர்க்காரங்க ஏழு பேரு வந்துக்கீறாங்க, கழுகு பாக்க மேல போயிருக்காங்க." ஏழு பேர். முழங்கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது, பழகின கால் அல்லவா, அதை அழுத்தி உட்காரவைத்தேன். "இல்லீங்கண்ணி. நாங்க நேரா போறோம். அங்க ரூமு எடுத்துக்கிறோம்." சொல்லிவிட்டேன், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"ரூமா? வூடு கீறப்போ இன்னாத்துக்கு ரூமு?" என்றாள். இனி வரப்போவது வரட்டும், என் தம்பியை மாற்றிவிட்டாய் என்பாள், உத்தியோகம் பார்க்கிற திமிர் என்பாள், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன், குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்கள். அவள் கேட்டது வேறு. "சோறு?" "அவங்களே ஆக்கிக் குடுப்பாங்கண்ணி." "எலை எடுக்கறது?" "அதுவும் அவங்கதான்." "காபி?" "மணி அடிச்சா கொண்டாந்து குடுப்பாங்களாம்." கம்பியை விடாமல் நின்றாள். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் ஒத்துகினானா?" "டிக்கெட்டு நான்தான் எடுத்தேன் அண்ணி." விசில் ஊதியது. "போ" என்றாள், பஸ் நகர்ந்த பிறகு "போயிட்டு வா" என்றாள், வெறும் போ முதலிலும் போயிட்டு வா பிறகும், இரண்டில் எது கோபம்? குரலைக் கேட்டே யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுதுவிட்டுப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறவள் நான், இதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் என்ன, ஊரைத் தாண்டிவிட்டோம்! இறங்காமல் தாண்டிவிட்டோம்! முதல் தடவையாக அந்த ஊருக்கு இந்தப் பக்கமும் வயல் இருக்கிறது, பனைமரம் இருக்கிறது, ஆடு மேய்கிறது என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

பாதிப் பேர் அங்கே இறங்கிவிட்டதால் என் பக்கத்து சீட் காலி, அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார், மடியில் அதே பழம். "அக்கா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" என்றார். "பழத்தயாவது ஜன்னல் வழியா குடுத்திருக்கலாம்ல" என்றேன். "எங்க குடுக்கறது, குந்து குந்துன்னு மானத்த வாங்கறான் அந்த ஆளு." நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவருக்கே உதடு கோணியது, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று நீட்டினார், சரி, இதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும்? பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் வந்தது. நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு என்று ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்தது ஞாபகம் வந்தது, இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் கடல், நடுவில் நீளமாக ஒரு மணல் துண்டு, இரண்டு பக்கத் தண்ணீர் போதும் எனக்கு, என் புருஷன் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத பூமி எதுவோ அதுதான் தீவு. இறங்கிக் காட்டேஜுக்குப் போனோம், மானேஜர் ஜானகிராமன், போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்ப ஒல்லி, நோட்டைப் புரட்டிக்கொண்டே யார் பேருக்கு என்றார், நான் சொன்னதும் நிமிர்ந்தார். "அட, செங்கல்பட்டு நம்பர் ப்ளீஸா? தெனம் காதுல கேக்கற குரலாச்சே! வாங்கம்மா வாங்க." அவரே சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், நான் வெறுங்கையோடு நடுவில் நடந்தேன், மணலில் ராணி மாதிரி நடக்க முடியாது, கால் புதையும், இருந்தாலும் நடந்தேன்.

ஏழாம் நம்பர். கதவைத் திறந்தால் கடல், பம்பாய்க்காரி பொய் சொல்லவில்லை, கதவுக்கு வெளியே சின்ன வராந்தா, இரண்டு பிரம்பு நாற்காலி, ஒன்றில் நான். மணி அடித்தேன், காபி வந்தது, நான் எழுந்திருக்கவில்லை, டவராவை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை, பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள், இந்த லோகத்தில் எனக்கு இன்னும் என்ன வேண்டும்? கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்கிறார்கள், வெயில் சாய்கிறது, கடைசி பஸ் எப்போது வேண்டுமானாலும் போகட்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நிற்கிறார், சின்னப் பிள்ளை மாதிரி அலைக்கு அலை குதிக்கிறார், இந்த மனிதரா என்னை வருஷா வருஷம் விரட்டியவர்? நனைந்த காலோடு வந்து வராந்தாப் படியில் உட்கார்ந்தார். "எங்க அக்கா இதப் பாத்ததே இல்ல வச்சலா" என்றார். "எத?" "கடலத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி, ஒரு தபா கூட்டிகினு போறேன் போறேன்னு நைனா சொல்லிகினே இருந்தாரு. அப்புறம் கழுக்குன்றத்துலயே மாப்ள அமைஞ்சிட்டாரு. பக்கத்துலதான கீது, எப்ப வோணா போய்ப் பாத்துக்கன்னு வுட்டுட்டாங்க." சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குப் போய்விட்டார், அவருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பார்த்ததே இல்லையா... இருக்காது, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடவா... நாங்கள் சாயங்காலம் கிளம்பும்போதெல்லாம் அவள் எங்கே இருந்தாள்? அடுப்படியில். நாங்கள் திரும்பி வரும்போது? அடுப்படியில், ராத்திரிச் சமையல். நீங்களும் வாங்கண்ணி என்று நான் கேட்டிருக்கிறேனா? அவளை விட்டுக் கொஞ்ச நேரம் தப்பித்தால் போதும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியவள் அல்லவா நான்? அப்படியானால் இன்று நான் ஜெயித்தது யாரை? சரி, இப்போது என்ன கெட்டுப்போயிற்று, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஆள் போனால் அவளை அழைத்து வந்துவிடலாம், நாற்காலி இன்னொன்று இருக்கிறது, மணி இருக்கிறது, அவள் கையாலேயே அடிக்கட்டும், அலை வந்து காலில் பட்டதும் அந்த முகம் எப்படி ஆகும் என்று நான் பார்க்க வேண்டும்... ஆனால் வேலூர்க்காரர்கள் ஏழு பேர் அங்கே இருக்கிறார்களே, நாளைக்கும் இருப்பார்களே, அந்த வீட்டு அடுப்பு எரிந்தால்தானே அண்ணி வாசற்படி தாண்டுவாள், யாராவது ஒருத்தி அங்கே போய் நின்றால்தானே அண்ணி இங்கே வந்து உட்கார முடியும், யார் போவது, யார்... கேட்டுக்கொண்டே நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.