ஓரம் சுத்தம்

வேம்புலிக்கு ஆவடி ஃபேக்டரியில் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கிற வேலை. விரிசல் கண்ட இடத்தைச் சுரண்டியெடுத்து, ஓரத்தில் மிச்சமில்லையென்றால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவான். தான் அனுப்பிய சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பீற்றிக்கொள்வான்.

அவன் மனைவி பேபிக்கு மாரில் கட்டி வந்தது. துளி சதையைக் கிள்ளிச் சோதித்ததில் கேன்சர் என்றார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்து மாரையே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“எடுத்த சதையோட ஓரம் சுத்தமா இருக்கு. வெட்டின இடத்துல நோய் மிச்சமில்லை. ஆனா அக்குள் நெறிக்கட்டிக்கு நோய் இறங்கியிருக்கு. அப்படின்னா, கண்ணுக்குத் தெரியாம உடம்புல வேற எங்கேயாவது போயிருக்கலாம். அதுக்குத்தான் மருந்து ஏத்தணும், கதிர்வீச்சுக் கரண்ட்டும் வைக்கணும்.”

வேம்புலியின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் ஏறியது. அன்று சாயங்காலமே லட்டு வாங்கி வீடு வீடாகக் கொடுத்து, “ஓரம் க்ளியர்” என்று சொல்லிவிட்டு வந்தான். மாரில் பாதியைப் பறிகொடுத்தவள் உள்ளே படுத்திருக்க, இவன் லட்டு கொடுக்கிறான்.

“மருந்து ஏத்தச் சொன்னாங்களே, எப்ப போறது?” என்று கேட்டாள் பேபி.

“இன்னாத்துக்கும்மே? பாஸான சாமானை எவனாவது திருப்பி உலையில போடுவானா? முடி கொட்டி மொட்டையா நிப்பே. குவார்ட்டர்ஸ் லைன்ல கீறவங்க இன்னா ஏதுன்னு கேப்பாங்க.”

கடைசியில் சொன்னதுதான் உண்மையான காரணம் என்பது அவளுக்குப் புரிந்தது. பொங்கலுக்குள் இன்னொரு தடவை கேட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். சென்ட்ரலைத் தாண்டித் தனியாகப் போய்ப் பழக்கமில்லாததால் அவளும் விட்டுவிட்டாள். அதற்காகத் தன்மேலும் அவளுக்கு ஆத்திரம் உண்டு.

மறு வருஷம் முதுகு வலித்தது. தைலம் தேய்த்துப் பார்த்தார்கள். குனியவே முடியாமல் போனபிறகுதான் வேம்புலி அவளைக் கூட்டிப்போனான். அதே டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

“இது எலும்புல புதுசா வந்த நோய் இல்லை. மார்ல இருந்த அதே நோய், ரத்தத்தோட போய் முதுகெலும்புல தங்கியிருக்கு. மருந்து எங்கே ஏத்திக்கிட்டீங்க?”

வேம்புலி ஃபேனைப் பார்த்தான். “ஏத்தலை” என்றாள் பேபி. “ஏத்தியிருந்தா?”

“வந்தே இருக்காதுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. தடுக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. இனிமே வலியைக் குறைக்கலாம், நாளைக் கூட்டலாம். முழுசா குணமாக்க முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கிற துலுக்கானமும் அவன் மனைவி வடிவும் சாத்துக்குடியோடு பார்க்க வந்ததும் வேம்புலிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

“மார்ல வந்தது அப்பவே க்ளியர் மச்சான். இது வேற. எலும்பு கேன்சர். புதுசா வந்துக்கீது. நம்ம தலையெழுத்து, இன்னா பண்றது?”

துலுக்கானம் உச்சுக்கொட்டினான். “நீயும் பாக்காத வைத்தியமா மச்சான்? பாவம், எளைச்சே பூட்டே.”

சாகப்போகிறவள் பேபி, பாவம் பார்க்கப்படுகிறவன் வேம்புலி. கட்டிய நாளாக நாலு பேர் முன்னால் அவன் பேச்சை மறுக்காதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“புதுசா ஒண்ணும் வரலண்ணே. அதே நோய்தான் எலும்புக்குப் போய்க்கீது. மருந்து ஏத்தியிருந்தா தடுத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. இந்த ஆளுதான் கூட்டிகினு போவல.”

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த வடிவின் கை நின்றது.

“வலியில ஒளர்றா” என்று சிரிக்கப் பார்த்தான் வேம்புலி.

“நான் செத்தப்புறம் எலும்பு கேன்சர்னு ஊரெல்லாம் சொல்லிக்கோ” என்றாள் பேபி. “உசுரோட கீற வரைக்கும் என் எதிர்ல சொல்லாதே.”